புகை குறைகிறது; பஸ்ஸும் குறைகிறது!

குதிரை டிராமில் தொடங்கி மின்சார பஸ்ஸில் வந்து நிற்கும் மும்பை 'பெஸ்ட்'

மும்பைக்கு வந்து இறங்கும் தமிழர் முதன்முதலில் கற்கும் மராத்தி எது தெரியுமா? பேச்சு அல்ல, எண்! சிவப்பு பஸ்ஸின் நெற்றியில் மராத்தி எண் இருக்கும். திருநெல்வேலியிலிருந்து வந்த புது ஆள் அதைப் பார்த்து விழிப்பார். பக்கவாட்டில் ஆங்கிலத்தில் போட்டிருக்கும் எண்ணைத் தேடி ஓடுவார். அதற்குள் கண்டக்டர் மணி அடித்துவிடுவார். பஸ் போய்விடும்.

இப்படி நாலு பஸ்ஸைத் தவறவிட்டால் ஐந்தாவது பஸ்ஸுக்குள் மராத்தி எண் மனப்பாடம் ஆகிவிடும். தாராவியிலும் மாதுங்காவிலும் ஆண்டாப்ஹில்லிலும் செம்பூரிலும் நம்மவர்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இப்படித்தான் பஸ் ஏறக் கற்றார்கள்.

அந்த சிவப்பு பஸ் இப்போது வேறு உருவம் எடுத்து வருகிறது. டீசல் எஞ்சின் போகிறது. மின்சார மோட்டார் வருகிறது. புகை இல்லை. உறுமல் இல்லை. நகரின் காற்றைச் சுத்தமாக்க மாநகராட்சி எடுத்திருக்கும் பெரிய முயற்சி இது என்கிறார்கள். முயற்சி நல்லதுதான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஸ்டாப்பில் கால் கடுக்க நிற்கிறவரின் கேள்வி வேறு. பஸ் எப்போது வரும்? வந்தால் டிக்கெட் எவ்வளவு?

மாநகராட்சியின் சொந்த பஸ்

சென்னையில் மாநகர பஸ்களை ஓட்டுவது தமிழக அரசின் கழகம். பெங்களூரில் கர்நாடக அரசின் கழகம். மும்பையில் அப்படி அல்ல. 'பெஸ்ட்' என்பது மும்பை மாநகராட்சியின் நிறுவனம். சுதந்திரத்துக்கு எட்டு நாள் முன்பு, 1947 ஆகஸ்டு 7-ந் தேதி, தனியார் கம்பெனியிடமிருந்து மாநகராட்சி அதை வாங்கிக்கொண்டது. இன்றும் ஆகஸ்டு 7-ந் தேதிதான் 'பெஸ்ட் தினம்'.

இன்னொரு விசேஷமும் உண்டு. பஸ் ஓட்டும் இதே நிறுவனம்தான் தீவு நகரத்துக்கு மின்சாரமும் தருகிறது. கொலாபாவிலிருந்து மாகிம், சயான் வரை ஏறத்தாழ 10 லட்சம் மின் இணைப்புகள் பெஸ்ட்டுக்குச் சொந்தம். தாராவிக் குடிசைக்குள் எரியும் விளக்கும், வாசலில் போகும் பஸ்ஸும் ஒரே முதலாளியுடையவை! மின்சாரப் பிரிவில் கிடைத்த லாபம் பல ஆண்டுகள் பஸ் பிரிவின் நஷ்டத்தைத் தாங்கியது. பிறகு ஒரு கட்டத்தில் பஸ் நஷ்டத்தை மின்கட்டணத்தோடு சேர்த்தும் வசூலித்தார்கள். மின் ஒழுங்குமுறை விதிகள் இறுகியதும் அந்த வழி அடைபட்டது. பெஸ்ட்டின் இன்றைய பணக் கஷ்டத்துக்கு இது ஒரு முக்கிய காரணம்.

தொள்ளாயிரம் குதிரைகள்

1874 மே 9-ந் தேதி பம்பாயில் முதல் டிராம் ஓடியது. இழுத்தது குதிரை! கொலாபாவிலிருந்து கிராபோர்டு மார்க்கெட் வழியாகப் பாய்துணி வரை ஒரு தடம். போரிபந்தரிலிருந்து பாய்துணிக்கு ஒரு தடம். டிராம் கம்பெனியின் லாயத்தில் 900 குதிரைகள் நின்றன. புகை இல்லை, சாணம் உண்டு!

1905-ல் 'பம்பாய் மின்சார சப்ளை மற்றும் டிராம் கம்பெனி' தோன்றியது. 'பெஸ்ட்' என்ற எழுத்துகளின் பிறப்பு அதுதான். 1907 மே 7-ந் தேதி மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்த விஷயத்தில் நம்ம சென்னைதான் அண்ணன். அங்கே 1895-லேயே மின்சார டிராம் வந்துவிட்டது.

1920-ல் மாடி டிராம் வந்தது. 1926 ஜூலை 15-ந் தேதி ஆப்கன் சர்ச்சிலிருந்து கிராபோர்டு மார்க்கெட்டுக்கு முதல் மோட்டார் பஸ் ஓடியது. 1937-ல் மாடி பஸ். டிராமில் நெடுங்காலம் ஓரணாதான் கட்டணம். எவ்வளவு தூரம் போனாலும் அதே ஓரணா. கூலிவேலைக்குப் போன நம்மவர்களுக்கு அந்த ஓரணா டிராம்தான் கார், டாக்சி எல்லாம்.

1964 மார்ச் 31-ந் தேதி இரவு, போரிபந்தரிலிருந்து தாதருக்குக் கடைசி டிராம் போனது. வழிநெடுகக் கூட்டம் நின்று வழியனுப்பியது. டிராம் போனாலும் பெயர் போகவில்லை. 'தாதர் டி.டி.' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த இரண்டு எழுத்துகளும் டிராம் கடைசியாக நின்ற இடத்தின் பெயர்தான். அங்கே டிராமைப் பார்த்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து வயதுக்கு மேல்.

டிராமுக்குப் பதில் மேலே கம்பி பிடித்து ஓடும் டிராலி பஸ்ஸையும் 1962 ஜூன் மாதம் கொண்டுவந்து பார்த்தார்கள். கோவாலியா டேங்கிலிருந்து மஜகாவ் டாக் வரை ஓடியது. 1971 மார்ச்சில் அதையும் நிறுத்தினார்கள். அதன் பிறகு சாலையில் டீசல்தான் ராஜா.

ஆக, 1907-லிருந்து 1971 வரை 64 ஆண்டுகள் மின்சாரத்தில் ஓடிய நகரம் இது. மின்சாரத்தை விட்டு டீசலுக்குப் போனது. இப்போது டீசலை விட்டு மின்சாரத்துக்குத் திரும்புகிறது!

ரெயில் மட்டும் பாதை மாறவில்லை. 1925 பிப்ரவரி 3-ந் தேதி விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரெயில் ஓடியது. நூறு ஆண்டு கடந்தும் மும்பையின் புறநகர் ரெயில் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. புதிய வண்டிகளில் பிரேக் போடும்போது மோட்டாரே மின்சாரம் உற்பத்தி செய்து ஒரு பகுதியைக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. நகரின் காற்றுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறு எதுவும் செய்யவில்லை. ஆனால் ரெயில் ஸ்டேஷன் வரைதானே வரும்? ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கும் வேலைக்கும் பஸ்தான் வேண்டும்.

ஆறு பஸ்ஸில் ஆரம்பம்

1990-களின் இறுதியில் பெஸ்ட் இயற்கை எரிவாயு பஸ்களை வாங்கத் தொடங்கியது. உயர்நீதிமன்றம் தலையிட்டதால் டாக்சிகளும் ஆட்டோக்களும் எரிவாயுவுக்கு மாறின. பாந்திராவிலும் சயானிலும் சிக்னலில் நின்றால் கண் எரிந்த காலம் ஓரளவு மாறியது.

2017 நவம்பரில் முதல் மின்சார பஸ்கள் வந்தன. ஆறே ஆறு! பிறகு மத்திய அரசின் மானியத் திட்டத்தில் 340 ஏ.சி. மின்சார பஸ்களுக்கு ஏற்பாடாயிற்று. 2020 கடைசியிலிருந்து அவை வரத் தொடங்கின. பேக்பே, வொர்லி, மால்வணி, சிவாஜி நகர் டெப்போக்களில் சார்ஜ் ஏற்றும் நிலையங்கள் அமைத்தார்கள்.

2022 மார்ச் மாதம் மாநகராட்சி பருவநிலைச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2050-க்குள் மும்பை வெளியிடும் கரியமில வாயுவைச் சூனியத்துக்குக் கொண்டுவருவோம் என்பது அதன் வாக்கு. இந்தியா முழுவதற்கும் மத்திய அரசு வைத்த கெடு 2070. மும்பை அதற்கு இருபது ஆண்டு முந்திக்கொண்டது! 2019-ம் ஆண்டுக் கணக்குப்படி நகரம் வெளியேற்றிய வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு போக்குவரத்தினால் வந்தது என்று அந்தத் திட்டம் சொல்கிறது.

அதே ஆண்டு பெஸ்ட் பெரிய ஆர்டர்கள் கொடுத்தது. 900 மாடி மின்சார பஸ்கள். அது போக 2100 ஏ.சி. மின்சார பஸ்கள்; அந்த ஒப்பந்தம் மட்டும் 3,675 கோடி ரூபாய். ஆர்டர் கொடுத்தது பெரிதல்ல. பஸ் வந்தால்தானே பெரிது! 2100 பஸ் ஒப்பந்தத்தை எதிர்த்துப் போட்டிக் கம்பெனி வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய் 2023 மே மாதம்தான் தீர்ந்தது. தீர்ந்த பிறகும் பஸ்கள் சொட்டுச் சொட்டாகவே வந்தன. 900 மாடி பஸ்களில் 2025 தொடக்கம் வரை வந்து சேர்ந்தவை ஏறத்தாழ 50.

வந்த அந்த மாடி பஸ் நம்ம ஊர் சரக்கு! சென்னை அசோக் லேலண்டின் 'ஸ்விட்ச்' கம்பெனி செய்தது. 2022 ஆகஸ்டில் மத்திய மந்திரி நிதின் கட்காரி அறிமுகம் செய்தார். 2023 பிப்ரவரி 21-ந் தேதி சி.எஸ்.எம்.டி.யிலிருந்து நரிமன் முனைக்கு ஓடத் தொடங்கியது. ஏ.சி. உண்டு, 65 பேர் உட்காரலாம். பழைய சிவப்பு டீசல் மாடி பஸ் அதே ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி கடைசியாக ஓடியது. மாலை போட்டு, பலூன் கட்டி அனுப்பி வைத்தார்கள். மேல் மாடி முன் சீட்டுக்குச் சண்டை போட்ட பிள்ளைகள் எல்லாம் தாத்தாவாகி வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

கணக்கு எப்படி?

மின்சார பஸ்ஸால் என்ன லாபம்? நெரிசலில் டீசல் பஸ் லிட்டருக்கு மூன்று, மூன்றரை கிலோமீட்டர்தான் தரும். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 ரூபாய் எண்ணெய்க்கே போகும். மின்சார பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 8 முதல் 12 ரூபாய். சிக்னலில் நிற்கும்போது டீசல் பஸ் சும்மா எரியும். மின்சார பஸ்ஸில் மோட்டார் ஓடாது, ஏ.சி. மட்டும் ஓடும்.

ஆனால் பஸ்ஸின் விலை அதிகம். பாட்டரிதான் அதில் பெரும் பங்கு. அந்தப் பணம் பெஸ்ட்டிடம் இல்லை. எனவே 'வெட் லீஸ்' என்ற வாடகை முறைக்குப் போனார்கள். பஸ் தனியாருடையது. டிரைவர் தனியாரின் ஆள். பழுது பார்ப்பதும் அவர்கள். பெஸ்ட் கண்டக்டரை ஏற்றி, டிக்கெட் காசை எடுத்துக்கொண்டு, ஓடிய கிலோமீட்டருக்கு வாடகை கொடுக்கும். பஸ்ஸில் பெஸ்ட் என்று எழுதியிருந்தாலும், உண்மையில் அது வாடகை பஸ்.

முதல் போடாமல் பஸ் ஓட்டலாம் என்பது இதில் உள்ள வசதி. ஆபத்து எது என்றால், வாடகைக்காரர் வேண்டாம் என்று போய்விட்டால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பஸ் மறைந்துவிடும். இது வெறும் பயம் அல்ல. 2022-லும் 2024-லும் அப்படி கம்பெனிகள் விலகின. கட்டுப்படியாகவில்லை என்றார்கள். 2023 ஆகஸ்டில் வாடகை பஸ் டிரைவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பெஸ்ட் டிரைவருக்குள்ள சம்பளம் எங்களுக்கு ஏன் இல்லை என்பது அவர்கள் கேள்வி. ஒரே டெப்போ, ஒரே ரோடு, ஒரே ஜனம். சம்பளம் மட்டும் இரண்டு விதம். நாள் கணக்கில் பல பகுதிகளில் பஸ் இல்லாமல் மக்கள் தவித்தார்கள்.

குர்லாவில் நடந்தது

2024 டிசம்பர் 9-ந் தேதி இரவு, குர்லா மேற்கில் வாடகைக்கு ஓடிய 12 மீட்டர் நீள மின்சார பஸ் கட்டுப்பாடு இழந்து ஜனநெரிசலுக்குள் பாய்ந்தது. குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தார்கள். குர்லா ஸ்டேஷன் ரோட்டை அறியாத தமிழர் யார்? அன்று இரவு ஊரிலிருந்து வந்த போன் அழைப்புகளுக்குக் கணக்கில்லை.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. யார் மீது தவறு என்பதை அங்கே தீர்மானிக்கட்டும். ஆனால் பயிற்சி போதுமா என்ற கேள்வி அன்று எழுந்தது. அது நியாயமான கேள்வி. டீசல் பஸ்ஸில் கிளட்சை மிதித்து, கியர் போட்டு, எஞ்சின் உறுமி, மெதுவாகத்தான் வேகம் ஏறும். மின்சார பஸ்ஸில் கிளட்ச் இல்லை. கியர் மாற்ற வேண்டியதும் இல்லை. மிதித்த உடனே முழு இழுவை கிடைக்கும். சத்தமும் இல்லாததால் எதிரே நடப்பவருக்கும் எச்சரிக்கை இல்லை. பல ஆண்டு பழகிய கால், புது வண்டிக்கு மாறப் பல வாரம் வேண்டும். நடைபாதை இல்லாத ரோட்டில், நடக்கிறவரும் பஸ்ஸும் ஒரே இடத்தைப் பங்கு போடும்போது இது சின்ன விஷயம் அல்ல.

ஐந்து ரூபாய் பத்தானது

2019 ஜூலை 9-ந் தேதி பெஸ்ட் ஓர் ஆச்சரியம் செய்தது. கட்டணத்தைக் குறைத்தது! குறைந்தபட்ச டிக்கெட் 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய்க்கு இறங்கியது. ஏ.சி. பஸ்ஸில் 6 ரூபாய். ஷேர் ஆட்டோவில் போனவர்கள் பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். சில மாதங்களில் தினசரிப் பயணிகள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். காற்றைச் சுத்தமாக்க இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்ல வேண்டும். பாட்டரி கூட வேண்டாம். டிக்கெட் விலையைக் குறைத்தால் போதும்.

அந்தக் குறைப்புக்கு மாநகராட்சி பணம் கொடுத்தது. பதிலுக்குச் செலவைக் குறைக்கச் சொன்னது. வாடகை பஸ்ஸைச் சேர்க்கச் சொன்னது. பெஸ்ட்டின் சொந்த பஸ்கள் 3337-க்குக் குறையக் கூடாது என்று தொழிற்சங்கத்துக்கு உறுதியும் கொடுத்தார்கள்.

அந்த உறுதி என்ன ஆயிற்று? பழைய பஸ்களுக்கு வயது முடிய முடியக் கழித்துக் கட்டினார்கள். அந்த அளவுக்குச் சொந்தமாகப் புது பஸ் வாங்கவில்லை. ஒரு காலத்தில் 4000-க்கும் அதிகமாக இருந்த பஸ்கள், வாடகை பஸ்களையும் சேர்த்து, 2025-ல் 3000-க்கும் கீழே போயின. சொந்த பஸ்கள் ஆயிரத்துக்கும் வெகு கீழே. 2022-ல் நிர்வாகம் சொன்ன இலக்கோ 10,000 மின்சார பஸ்!

2025 மே 9-ந் தேதி கட்டணம் ஏறியது. 5 ரூபாய் 10 ரூபாய் ஆனது. ஏ.சி.யில் 6 ரூபாய் 12 ரூபாய் ஆனது. எல்லா பஸ்ஸிலும் போகும் மாத பாஸ் 900 ரூபாயிலிருந்து 1800 ரூபாய் ஆனது.

ஸ்டேஷனுக்குப் போக ஒரு டிக்கெட், திரும்ப ஒரு டிக்கெட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை. முன்பு 260 ரூபாய். பிறகு 520 ரூபாய். ஏ.சி. பஸ் என்றால் 624 ரூபாய். ஏ.சி. எனக்கு வேண்டாம், சாதா பஸ்ஸில் போகிறேன் என்றால் சாதா பஸ் வர வேண்டுமே! புதிதாக வரும் மின்சார பஸ்களில் மிகப் பெரும்பாலானவை ஏ.சி.தான். ஊருக்கு மாதம் மூவாயிரம், நாலாயிரம் அனுப்பும் குடும்பத்தில் இந்த 300 ரூபாய் என்பது ஒரு வாரக் காய்கறிச் செலவு. வீட்டு வேலைக்கு நாலு வீடு போகும் பெண்களுக்கோ ஒரு நாளைக்கு இரண்டு டிக்கெட்டோடு முடிவதில்லை.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண நகர பஸ்களில் பெண்களுக்கு இலவசம். மகாராஷ்டிரத்தில் மாநில அரசின் வெளியூர் பஸ்களில் 2023 மார்ச் முதல் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். அந்தச் சலுகை வந்தபோது பெஸ்ட்டுக்கு அது பொருந்தவில்லை; பெஸ்ட் மாநகராட்சியுடையது அல்லவா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதன் பிறகு 2025 முடியும் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள் இல்லை; அதிகாரிகளின் ஆட்சி. டிக்கெட் இரட்டிப்பானபோது, வார்டு மக்கள் கேள்வி கேட்கக் கவுன்சிலரும் இல்லை. பதில் சொல்ல பெஸ்ட் கமிட்டியும் இல்லை.

பணம் இல்லையா?

மும்பை மாநகராட்சி நாட்டிலேயே பணக்கார மாநகராட்சி. 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். அதில் பெஸ்ட்டுக்கு ஒதுக்கியது 1000 கோடி. நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை.

கடலோரச் சாலைக்கு மாநகராட்சி செலவிட்டது 13,000 கோடிக்கும் மேல். நீளம் 10.58 கிலோமீட்டர். 2024 மார்ச்சில் அதன் முதல் பகுதி திறக்கப்பட்டது. அழகான சாலை, சந்தேகம் இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் அங்கே அனுமதி இல்லை. காரில் போகிறவர்களுக்குத்தான் முழுப் பயன். அந்தப் பணத்தில் 3,675 கோடி பஸ் ஒப்பந்தத்தைப் போல் மூன்றுக்கும் மேல் போட்டிருக்கலாம். ஒரு பஸ் நிற்கும் இடத்தில் மூன்று கார் நிற்கும். மூன்று காரிலும் சேர்த்து ஐந்தாறு பேர் இருப்பார்கள். பஸ்ஸில் ஐம்பது பேர், சமயத்தில் எழுபது!

சைக்கிள் பாதைகளும் போட்டார்கள். பொவாய் ஏரிக்கரையில் மாநகராட்சி போட்டதைச் சட்டவிரோதம் என்று 2022 மே 6-ந் தேதி உயர்நீதிமன்றம் சொல்லி, அகற்ற உத்தரவிட்டது. ஏரிக்கரையில் காலைக் காற்று வாங்கப் பாதை போட்டவர்கள், தாராவியிலிருந்து சயானுக்குப் பட்டறைச் சரக்கைக் கேரியரில் கட்டிக்கொண்டு மிதிக்கிறவருக்கு ஒரு பாதை போடவில்லை. உண்மையில் சைக்கிள் ஓட்டுகிறவர் அவர்தான்.

நடையும் அப்படித்தான். 2008-ல் வெளியான பெரிய போக்குவரத்து ஆய்வின்படி, மும்பைப் பகுதியில் நடக்கும் பயணங்களில் பாதிக்கு மேல் கால்நடையாகவே நடக்கின்றன. இவர்கள் ஒரு சொட்டு டீசல் எரிப்பதில்லை. இவர்களுக்கு மாநகராட்சி கொடுக்க வேண்டியது ஒழுங்கான நடைபாதை மட்டுமே.

புகை எங்கே போகிறது?

மின்சார பஸ்ஸுக்குப் பின்னால் புகைக் குழாய் இல்லை. ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மும்பைக்கு மின்சாரம் தருவதில் கோப்போலி, பிவ்புரி, பிரா நீர்மின் நிலையங்களுக்கு ஒரு பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு நிலக்கரிக்கு. டிராம்பே அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. டிராம்பே எங்கே இருக்கிறது? செம்பூருக்கும் மாகுலுக்கும் பக்கத்தில். சீட்டா கேம்பில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் வாடையும் அவர்களுக்குத்தான்.

மின்சார பஸ் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும், நெரிசலில் ஊர்ந்து டீசல் குடிக்கும் பஸ்ஸைவிட அது மேல்தான். ஸ்டாப்பில் நிற்கிற குழந்தையின் மூக்குக்கு நேரே புகை வராது. சூரிய மின்சாரம், காற்று மின்சாரம் அதிகமாக அதிகமாக பஸ்ஸும் தானாகச் சுத்தமாகும். பஸ்ஸை மாற்ற வேண்டியதில்லை. பழைய டீசல் பஸ்ஸுக்கு அந்த வழி கிடையாது.

ஆனால் மின்சார பஸ் நூறு பேரை ஏற்றினால்தான் லாபம். பஸ் வராமல், அந்த நூறு பேரில் முப்பது பேர் தவணையில் ஸ்கூட்டர் வாங்கிவிட்டால், பஸ்ஸில் மிச்சமான புகை ஸ்கூட்டரில் போய்விடும். இப்போது நடப்பது அதுதான். குர்லாவிலும் காட்கோபரிலும் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ வரிசை நீண்டுகொண்டே போவதைப் பார்க்கிறவர்களுக்குப் புள்ளிவிவரம் வேண்டாம்.

தாராவிக்கு மெட்ரோ

2025 மே 10-ந் தேதி தாராவியில் பூமிக்கடியில் மெட்ரோ ஸ்டேஷன் திறந்தார்கள். அக்டோபரில் அந்தப் பாதை கப் பரேடு வரை நீண்டது. ஆரேயிலிருந்து கப் பரேடு வரை ஒரே வண்டி. மெட்ரோ மாநகராட்சியின் வேலை அல்ல. மத்திய, மாநில அரசுகளுடையது. கோட்டைப் பகுதியில் குமாஸ்தா வேலை பார்க்கிற தாராவிக்காரருக்கு இது நல்ல வசதிதான். தொலைவு கூடக் கூட டிக்கெட் விலைதான் யோசிக்க வைக்கிறது.

மெட்ரோ வந்தால் பஸ்ஸுக்கு வேலை குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். எதிர்மாறாகத்தான் நடக்க வேண்டும். மெட்ரோ நிற்குமிடம் கிலோமீட்டருக்கு ஒன்று. தொண்ணூறடி ரோட்டின் உள் சந்திலிருந்து மாமூலாக ஸ்டேஷனுக்கு வர சின்ன பஸ் வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று வேண்டும். 2019-க்குப் பிறகு விட்ட மினி ஏ.சி. பஸ்கள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமாக இருந்தன. அவற்றை ஓட்டிய கம்பெனிகள்தான் விலகிப் போயின.

அகலமான சாலைகளில் பஸ்ஸுக்குத் தனிப் பாதை விடுவது இன்னொரு வழி. பாந்திரா-குர்லா காம்ப்ளக்சில் ஒரு முறை விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. ஆமதாபாத்தில் 2009 முதல் பஸ்ஸுக்குத் தனிப் பாதை இருக்கிறது. புது பஸ் வாங்காமலேயே, இருக்கிற பஸ்ஸை வேகமாக ஓடவைத்தால் அதே பஸ் ஒரு நாளில் இரண்டு நடை கூடுதலாக அடிக்கும். இதற்குக் கோடிகள் வேண்டாம். கார்காரர்களின் கோபத்தைத் தாங்கும் மனம் வேண்டும்.

2100 பஸ் ஒப்பந்தத்தின் காலம் 12 ஆண்டு. அது முடியும்போது அந்த பஸ்கள் கம்பெனியுடையவையே. பெஸ்ட்டிடம் மிஞ்சப்போவது 27 டெப்போக்களின் நிலம். வடாலாவிலும் தாராவியிலும் தேவனாரிலும் இன்று கிரவுண்டு என்ன விலை என்பது நம்மவர்களுக்குத் தெரியும். அந்த நிலத்தில் கட்டடம் கட்டி வருமானம் பார்க்கும் யோசனைகள் பல ஆண்டாகவே பேசப்படுகின்றன. கட்டடம் எழும்பிய பிறகு பஸ் எங்கே நிற்கும், எங்கே சார்ஜ் ஏற்றும் என்பதைத் தொழிற்சங்கங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.